மதர்போர்டை மாற்றினால் கணிப்பொறி வேறாகிவிடுமா?

மாணவர்களே, உங்கள் வீட்டில் பழைய சைக்கிள் ஒன்று இருக்கிறதா? இருந்தால் அதைச் சற்று உற்றுப் பாருங்கள். டயரும் டியூபும் பலமுறை மாறியிருக்கும். செயின் மாறியிருக்கும். பெடல், சீட்டு, பிரேக் கட்டை எல்லாமே மாறியிருக்கும். ஏன், ஒருமுறை கீழே விழுந்ததில் ஹாண்டில்பாரும் மாறியிருக்கலாம். ஆனாலும் உங்கள் வீட்டில் அதை "தாத்தா வாங்கிய சைக்கிள்" என்றுதான் சொல்வார்கள். "பாதிக்கு மேல் மாறிவிட்டது, ஆகவே இது வேறு சைக்கிள், பழைய ரசீது செல்லாது" என்று எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை.

கணிப்பொறியின் கதை அப்படியன்று. அதன் உறுப்புகள் சிலவற்றை மாற்றினால், அதனுள் இருக்கும் இயங்குதளம் "இது நான் அறிந்த கணிப்பொறி அன்று" என்று சொல்லிவிடக்கூடும். இது எப்படி நடக்கிறது? இது நியாயந்தானா? இவ்விரண்டு கேள்விகளையும் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

இதை எழுதத் தூண்டியவன் எங்கள் தெருவில் வசிக்கும் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன். அவனுடைய தந்தை சரக்கு ஆட்டோ ஓட்டுபவர். அவர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் கணிப்பொறி ஒன்றையும், இயங்குதளத்துக்கான உரிமத்தையும் பில் போட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். ஐப்பசி மாதத்தில் ஓர் இரவு இடி இடித்தது, மின்னழுத்தம் ஏறி இறங்கியது, மதர்போர்டு போய்விட்டது. பையன் இரண்டு மாதம் காத்திருந்து, பழைய மதர்போர்டு ஒன்றை வாங்கித் தானே பொருத்தினான். கணிப்பொறி ஓடியது. ஆனால் திரையில், அவனுடைய உரிமம் அந்தக் கணிப்பொறிக்குச் செல்லாது என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வந்தது. அருகில் நின்ற நண்பர்கள் "திருட்டு மென்பொருளா போட்டிருக்கிறாய்?" என்று சிரித்திருக்கிறார்கள். பில்லை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "சார், பில் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் அதேதான். நான் எதைத் திருடினேன்?" என்று கேட்டான்.

அது எந்த இயங்குதளம் என்பது இங்கே முக்கியமன்று. அவனுடைய கேள்விதான் முக்கியம்.

சாவி மட்டும் போதாதா?

முதலில் மறுபக்கத்தைப் பார்ப்போம். ஒரு மேசையை நகல் எடுக்க வேண்டுமானால் மரமும் தச்சரின் உழைப்பும் வேண்டும். மென்பொருளை நகல் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். செலவு ஏறத்தாழ எதுவுமில்லை. ஒரே ஒரு குறுந்தகட்டை வாங்கி, அதை ஐம்பது கணிப்பொறிகளில் நிறுவிய அலுவலகங்கள் உண்டு. பல ஆண்டுகள் உழைத்து அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு இதனால் இழப்பு ஏற்படுவது உண்மையே. ஆகவே அவர்கள் பூட்டுப் போட விரும்புவதில் தவறில்லை.

முதலில் வந்த பூட்டு, பெட்டியின் மீது அச்சிடப்பட்ட சாவி எண். விண்டோஸ் எக்ஸ்பி என்ற இயங்குதளத்தின் சாவியில் 25 குறிகள் இருந்தன. ஒன்றோடொன்று குழம்பக்கூடிய 0, 1 போன்றவற்றையும் ஆங்கில உயிரெழுத்துகளையும் விலக்கிவிட்டு, 24 குறிகளை மட்டும் கொண்டு அந்தச் சாவி எழுதப்பட்டது. 24 குறிகளைக் கொண்டு 25 இடங்களை எத்தனை விதமாக நிரப்பலாம்? 24-ஐ 25 முறை பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 3-ஐ எழுதி அதன் பின் 34 சுழியங்களைப் போட்டால் வரும் எண் கிடைக்கும். குருட்டாம்போக்கில் ஒரு சாவியை ஊகிப்பது நடக்கிற காரியமன்று.

ஆனால் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லையே! நண்பனிடம் கேட்டு எழுதிக்கொண்டால் போதும். சாவியில் எந்தக் குறையும் இல்லை. அதைக் கைமாற்றிக் கொடுக்க முடிந்ததுதான் குறை. எனவே சாவியை ஒரு குறிப்பிட்ட கணிப்பொறியோடு பிணைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2001 அக்டோபர் 25 அன்று வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பியில் இம்முறை பெரிய அளவில் புகுத்தப்பட்டது. நிறுவிய 30 நாட்களுக்குள் இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ நிறுவனத்தோடு தொடர்பு கொண்டு உரிமத்தைச் செயற்படுத்திக்கொள்ள வேண்டும். இதற்குத்தான் ஆக்டிவேஷன் என்று பெயர்.

கணிப்பொறிக்கும் கைரேகை உண்டு

ஒரு கணிப்பொறியை இன்னொன்றிலிருந்து எப்படி அடையாளம் காண்பது? மனிதனுக்குக் கைரேகை இருப்பது போலக் கணிப்பொறிக்கும் ஒன்றைத் தயாரித்தார்கள். விண்டோஸ் எக்ஸ்பி பத்துச் செய்திகளைக் குறித்துக்கொண்டது. அவை: திரையை இயக்கும் கார்டு, ஸ்கசி இணைப்பி, ஐடிஇ இணைப்பி, நெட்வொர்க் கார்டின் எண், ரேமின் அளவு எந்த வரம்பில் உள்ளது என்பது, பிராசசரின் வகை, பிராசசரின் வரிசை எண், ஹார்டு டிஸ்க், அந்த ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்தபோது அதற்கு இடப்பட்ட எண், சிடி டிரைவ்.

இவற்றை அப்படியே நிறுவனத்துக்கு அனுப்பினால், "என் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று உனக்கு ஏன் தெரிய வேண்டும்?" என்ற கேள்வி எழும். இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. 1999-இல் இன்டெல் நிறுவனம் பென்டியம் 3 பிராசசரில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை எண்ணைப் பொறித்தபோது, ஆளைப் பின்தொடர அது உதவிவிடும் என்று பெரும் எதிர்ப்பு கிளம்பியது. பின்னர் வந்த பிராசசர்களில் அந்நிறுவனம் அதைக் கைவிட்டது. ஆகவே உண்மையான எண்ணை வெளியே காட்டாமல், அதிலிருந்து ஒரு சிறிய "சுருக்கெண்ணை" மட்டும் எடுக்கும் முறை கையாளப்பட்டது.

சுருக்கெண் என்றால் என்ன? நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு ஹார்டு டிஸ்க்கின் எண் 583216 என்று வைத்துக்கொள்வோம். அதை 97-ஆல் வகுங்கள். மீதி 52. இந்த 52-ஐ மட்டும் நான் உங்களுக்குச் சொன்னால், மூல எண்ணை உங்களால் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. ஏனெனில் ஆறு இலக்க எண்களில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவை அதே 52-ஐ மீதியாகத் தரும். ஆனால் நாளைக்கு நீங்கள் மறுபடியும் வகுத்து 52-க்குப் பதிலாக 17 வந்தால், "எண் மாறிவிட்டது" என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். நடைமுறையில் பயன்படும் சுருக்கெண் முறைகள் இதைவிட மிகச் சிக்கலானவை. ஆனால் அடிப்படைக் கருத்து இதுவே.

எத்தனை மாறலாம்?

இப்போது நம் கேள்வியின் மையத்துக்கு வருகிறோம். மறுபடி எடுத்த கைரேகை, பழைய கைரேகையோடு முழுவதும் பொருந்த வேண்டுமா? அப்படி வைத்தால் ரேமைக் கூட்டியவர்கூடக் குற்றவாளியாகிவிடுவார். ஆகவே சிறிது விட்டுக்கொடுத்தார்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த விதி இது: நெட்வொர்க் கார்டு மாறாமல் இருந்தால், ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட செய்திகள் மாறினால்தான் உரிமத்தை மறுபடி செயற்படுத்த வேண்டும். நெட்வொர்க் கார்டு இல்லாமலிருந்தாலோ, அதுவும் மாறிவிட்டாலோ, நான்கு மாற்றங்களே போதும்.

ஒரு மாணவி கிராஃபிக்ஸ் கார்டை மாற்றுகிறாள்; ரேமைக் கூட்டுகிறாள்; பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்றைப் பழையதற்குப் பதிலாகப் போடுகிறாள். ஹார்டு டிஸ்க் மாறினால் ஃபார்மட் எண்ணும் மாறும். ஆக நான்கு மாற்றங்கள். நெட்வொர்க் கார்டு பழையதே. நான்கு ஆறைவிடக் குறைவு; எனவே தொல்லையில்லை.

இன்னொரு மாணவன் ஒரே ஒரு பொருளைத்தான் மாற்றுகிறான்: மதர்போர்டு. ஆனால் நெட்வொர்க் இணைப்பும், திரையை இயக்கும் பகுதியும், ஐடிஇ இணைப்பியும் அந்த மதர்போர்டிலேயே அமைந்திருக்கின்றன. புதிய போர்டில் பழைய பிராசசர் பொருந்தாததால் அதுவும் மாறுகிறது. கணக்குப் பாருங்கள்: நான்கு மாற்றங்கள், அவற்றுள் நெட்வொர்க்கும் ஒன்று. கணிப்பொறி "அந்நியப் பொருள்" ஆகிவிட்டது!

பிற்காலத்தில் விதிகள் மாறின. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், கணிப்பொறியோடு சேர்த்து விற்கப்படும் உரிமங்களின் சாவியைத் தயாரிப்பாளர்கள் மதர்போர்டில் உள்ள சில்லிலேயே எழுதிவிடுகிறார்கள். மதர்போர்டு போனால் சாவியும் அதோடு போகும். 2015-இல் வெளியான விண்டோஸ் 10 சாவி எண்ணையே கேட்காமல், வன்பொருள் அடையாளத்தை நிறுவனத்தின் சர்வரில் பதிந்துவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2016 முதல் அதைப் பயனரின் கணக்கோடு இணைத்துவைத்து, "அண்மையில் வன்பொருளை மாற்றினேன்" என்று தெரிவித்து உரிமத்தை மீட்டுக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. இது நல்ல முன்னேற்றம். ஆனால் மதர்போர்டு போன்ற பெரிய மாற்றம் நேர்ந்தால் உரிமம் விட்டுப்போகலாம் என்பது இன்றும் மாறவில்லை.

ஃபியூஸ் கம்பி தரும் பாடம்

நான் இயற்பியல் கற்பிப்பவன். எனவே இதை அளவீட்டுச் சிக்கலாகவே பார்க்கிறேன். வீட்டில் உள்ள ஃபியூஸ் கம்பியை எண்ணிப் பாருங்கள். 5 ஆம்பியர் தேவைப்படும் இடத்தில் மிக மெல்லிய கம்பியைப் போட்டால், மின்விசிறியைப் போட்டவுடனேயே அறுந்துவிடும்; குற்றமற்ற விசிறிக்குத் தண்டனை! மாறாக, தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்தால், எந்த விபத்திலும் அறுந்துபோகாது, வீடு எரிந்துவிடும். எந்த வரம்பை வைத்தாலும் இரண்டு வகைப் பிழைகளில் ஒன்று நேர வாய்ப்புண்டு. குற்றமற்றவனைப் பிடிப்பது ஒன்று. குற்றவாளியை விட்டுவிடுவது மற்றொன்று. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும்.

ஆக்டிவேஷனும் அப்படியே. வரம்பை இறுக்கினால் பழுது பார்த்தவர் திருடனாவார். தளர்த்தினால் ஒரே சாவி பல கணிப்பொறிகளில் ஓடும். ஆகவே, "நான்கா, ஆறா?" என்பது இயற்கை விதி அன்று. ஒளியின் வேகத்தைப் போல அளந்து கண்டுபிடித்த எண்ணும் அன்று. ஓர் அறையில் சில மனிதர்கள் அமர்ந்து எடுத்த முடிவு அது. மனிதர் எடுத்த முடிவைப் பற்றி மற்ற மனிதர்கள் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இயந்திரம் தவறு செய்யாது என்று எண்ணிவிடாதீர்கள். 2007 ஆகஸ்டு 24 அன்று மைக்ரோசாஃப்டின் சரிபார்க்கும் சர்வர்களில் நேர்ந்த மனிதத் தவற்றால், முறையாகப் பணம் கொடுத்து வாங்கிய விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா உரிமங்கள் போலி என்று அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 12,000 கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. நிலைமை சீராக ஏறத்தாழ 19 மணி நேரம் ஆயிற்று. 2018 நவம்பரிலும் விண்டோஸ் 10-இன் ஆக்டிவேஷன் சர்வர்களில் கோளாறு ஏற்பட்டு, சிலருடைய உயர்வகை உரிமம் திடீரென்று செல்லாமற் போயிற்று. பிறகு அந்நிறுவனம் அதைச் சரிசெய்தது. அவர்களில் யாரும் எந்த உறுப்பையும் மாற்றியிருக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

என் கருத்து

பூட்டுப் போடுவதை நான் எதிர்க்கவில்லை. பூட்டு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசுகிறேன். நான்கு விஷயங்களை வற்புறுத்த விரும்புகிறேன்.

முதலாவது, விதி வெளிப்படையாக இருக்க வேண்டும். எந்தெந்த உறுப்புகள் கணக்கில் சேரும், எத்தனை மாறினால் உரிமம் விட்டுப்போகும் என்பதை, வாங்குவதற்கு முன்பே எளிய மொழியில் சொல்லிவிட வேண்டும். தேர்வில் தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்று சொல்லாமல் உங்களைத் தேர்வு எழுதச் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

இரண்டாவது, பழுது பார்ப்பது வேறு, இடம் மாற்றுவது வேறு. எரிந்துபோன மதர்போர்டு இனி எந்தக் கணிப்பொறியையும் இயக்கப்போவதில்லை. ஆகவே அங்கே இரண்டாவது நகல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கணிப்பொறியோடு சேர்த்து விற்கப்பட்ட உரிமங்களின் விஷயத்தில்கூட, பழுதான மதர்போர்டை மாற்றினால் புதிய உரிமம் வாங்கத் தேவையில்லை என்று மைக்ரோசாஃப்டின் விதியே சொல்கிறது. விதி இருந்தால் போதாது. பள்ளிப் பிள்ளைகூட எளிதாகப் பயன்படுத்தும்படி அது அமைய வேண்டும்.

மூன்றாவது, சொற்களில் கவனம் வேண்டும். "சரிபார்க்க இயலவில்லை" என்பது உண்மை. "போலி" என்பது தீர்ப்பு. விசாரணைக்கு முன் தீர்ப்புக் கூறுவது நீதியன்று. சந்தேகத்தின் பலன் பணம் கொடுத்தவருக்கே சேர வேண்டும்.

நான்காவது, பழுது பார்க்கும் பழக்கத்தைத் தண்டிக்கக் கூடாது. உரிமம் மதர்போர்டோடு போய்விடும் என்றால், பலர் நல்ல நிலையில் உள்ள ஹார்டு டிஸ்க்கையும் ரேமையும் சேர்த்தே தூக்கி எறிந்துவிட்டுப் புதிய கணிப்பொறியை வாங்குவார்கள். அவற்றில் ஈயமும் வேறு நச்சுப் பொருள்களும் உண்டு. அவை கடைசியில் நம் மண்ணிலும் நீரிலும் வந்து சேரும். கழற்றிப் பார்த்துச் சரிசெய்யும் ஆசைதான் ஒரு பொறியாளரின் முதற்பாடம். அந்த ஆசையோடு வரும் பிள்ளையை அச்சுறுத்துவது சமூகத்துக்கே நட்டம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

வாங்கும்போதே உரிமம் எந்த வகை என்று கேளுங்கள். தனியாக விற்கப்படும் உரிமத்தைப் பொதுவாக வேறு கணிப்பொறிக்கு மாற்றிக்கொள்ளலாம். கணிப்பொறியோடு சேர்ந்து வருவது அந்தக் கணிப்பொறிக்கு மட்டுமே உரியது. பில்லையும் சாவி எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள், வன்பொருளை மாற்றுவதற்கு முன்பே உரிமத்தைத் தங்கள் கணக்கோடு இணைத்துவிடுவது நல்லது. இன்று விண்டோஸ் செயற்படுத்தப்படாமல் இருந்தாலும் கணிப்பொறி நின்றுவிடாது. திரையின் மூலையில் நினைவூட்டும் வரி ஒன்று தெரியும், சில தோற்ற அமைப்புகளை மாற்ற முடியாது, அவ்வளவே. ஆகவே பதற்றம் வேண்டாம்.

நண்பர் கொடுக்கும் "கிராக்" நிரல்களைத் தொடாதீர்கள். அவற்றை ஓட்டுவதற்குக் கணிப்பொறியின் முழு அதிகாரத்தையும் கொடுக்க வேண்டியிருக்கும். யார் எழுதினார்கள் என்றே தெரியாத நிரலுக்கு வீட்டுச் சாவிக் கொத்தைக் கொடுப்பீர்களா?

பூட்டே இல்லாத வழியும் ஒன்று உண்டு. 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தொடங்கிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளங்களைப் பெரும்பாலும் இலவசமாகப் பெறலாம், நண்பருக்கும் கொடுக்கலாம். மதர்போர்டை எத்தனை முறை மாற்றினாலும் அவை உங்களைச் சந்தேகிப்பதில்லை. நம் அண்டை மாநிலமான கேரளத்தின் பள்ளிகளில் இத்தகைய கட்டற்ற மென்பொருளைக் கொண்டே பாடம் நடத்துகிறார்கள். எல்லா வேலைக்கும் அது பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் முயன்று பார்க்கலாம் அல்லவா?

எங்கள் தெரு மாணவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நானும் அவனும் உட்கார்ந்து உதவி எண்ணுக்குத் தொலைபேசினோம். நீண்ட எண் ஒன்றை இலக்கம் இலக்கமாக வாசித்தோம். ஒருமுறை தவறாக வாசித்து மறுபடியும் தொடங்கினோம். மதர்போர்டு எரிந்துபோன விவரத்தைச் சொன்னோம். கடைசியில் உரிமம் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் எழுந்து போகும்போது அவன் சொன்னான்: "சார், பில் வைத்திருக்கிற எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பென் டிரைவில் கிராக் வைத்திருக்கும் என் நண்பனுக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்."

அவனுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நேர்மையாக இருப்பவனுக்கு நேர்மையற்றவனைவிட அதிகத் தொல்லை தரும் பூட்டு, சரியாக வடிவமைக்கப்பட்ட பூட்டு ஆகாது. இதை மாற்றி அமைக்கப்போகிறவர்கள் நாளைக்கு மென்பொருள் எழுதப்போகும் நீங்கள்தாம். அப்போது எத்தனை உறுப்புகள் மாறலாம் என்று முடிவு செய்யும் அறையில் நீங்களும் அமர்ந்திருப்பீர்கள். நீங்கள் எந்த எண்ணைச் சொல்வீர்கள்? ஏன்? வகுப்பில் நண்பர்களோடு விவாதித்துப் பாருங்கள்.